கீமோ நடக்கும் வீட்டுக்கு எந்த நாய், எப்போது?

கீமோ ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் புதிதாக நாய் வளர்க்கலாமா என்று கேட்டால், சொந்தபந்தத்தில் முக்கால்வாசிப் பேர் "இந்த நேரத்துல நாயா?" என்பார்கள். மீதிப் பேர் நாய் முடி வயிற்றுக்குள் போனால் என்னாகும் தெரியுமா என்று ஆரம்பிப்பார்கள். எங்கள் புற்றுநோய் மருத்துவர் இரண்டையும் சொல்லவில்லை. "வீட்ல வேற யார் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். முதலில் பதில் தேட வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி. குட்டியா பெரிய நாயா, இப்போதா அப்புறமா, எங்கே படுக்கும், என்ன தின்னும் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

கீமோ என் மனைவிக்கு. நாயின் கழிவை அள்ளுவது எனக்கு. அந்த இடத்திலிருந்துதான் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய், அறுவை சிகிச்சை, அதன்பின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. நாய் வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. அவள் வேலை, பையன் படிப்பு, வாடகை வீடு என்று ஒவ்வொன்றாகக் காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தோம். நோய் தெரிந்த பிறகு ஒருநாள், "இன்னும் எதுக்காகக் காத்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்றாள். பதில் இல்லை. விசாரிக்க ஆரம்பித்தேன். கால்நடை மருத்துவர்கள், நாய்களைத் தற்காலிகமாக வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்கள், டே கேர் வார்டில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் என்று பலரிடம் பேசியதும், எங்கள் வீட்டில் நடந்ததும் சேர்ந்ததுதான் கீழே இருப்பது.

இரண்டாவது வாரம்

எந்த வழியை எடைபோடுவதானாலும் கீமோவின் நாட்காட்டி தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை மருந்து ஏற்றியதிலிருந்து அடுத்தமுறை ஏற்றும்வரை ஒரு சைக்கிள். மூன்று வாரச் சைக்கிளில் முதல் சில நாள் குமட்டல், வாய்க்கசப்பு, கூடவே தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் தூக்கமின்மை, அது நின்றதும் அடித்துப்போட்ட மாதிரி அசதி. இது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற கஷ்டம். தெரியாத கஷ்டம் அடுத்து வரும். ஏறக்குறைய 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கும். "கவுன்ட் இறங்கியிருக்கு" என்று வார்டில் சொல்வது இதைத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது 500-க்குக் கீழே போனால், சும்மா வந்துபோகும் கிருமிகூட ரத்தத்தில் கலந்து ஆளைச் சாய்த்துவிடும். உடம்புச் சூடு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கவுன்ட் ஏற்றும் ஊசி போட்டால் பள்ளத்தின் ஆழம் குறையும், பள்ளமே இல்லாமல் போய்விடாது. மூன்றாவது வாரத்தில் கவுன்ட் ஏறி, நாக்குக்கு ருசி திரும்பி, ஆள் எழுந்து நடமாடத் தொடங்கும்போது அடுத்த சைக்கிள் வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது வாரத்தில் பலருக்கு உடம்பு தேவலை போலத் தோன்றும். நாயைக் குளிப்பாட்டலாமா, உண்ணி பார்க்கலாமா என்று கை பரபரக்கும். சரியாக அப்போதுதான் அது கூடாது. மலம் அள்ளுவது, சிறுநீர் துடைப்பது, உண்ணி எடுப்பது, வாய்க்குள் மாத்திரை திணிப்பது, நகம் வெட்டுவது எல்லாவற்றையும் அந்த வாரம் வேறொருவர் செய்ய வேண்டும். அந்த வேறொருவர் யார் என்று பெயர் சொல்ல முடியாத வீட்டில், எவ்வளவு சாதுவான நாயும் தவறான தேர்வுதான்.

குட்டி

எல்லோர் மனசும் முதலில் போவது குட்டியிடம். சின்னதாக இருக்கும், நம் வழிக்குப் பழக்கிக்கொள்ளலாம், கூடவே வளரும் என்பார்கள். கீமோ இல்லாத வீட்டுக்கு எல்லாம் நியாயம்தான்.

குட்டி கடிக்கும். அது கெட்ட குணம் இல்லை. பல் முளைக்கிறது, அதற்கு விளையாட்டு என்றாலே கவ்வுவதுதான். ஆனால் சென்னை வெறிநோய் இல்லாத ஊர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், மூடாத தோலைப் பல்லால் கவ்வுவதும் ரத்தம் வராத சிறு கீறலும் 2-ஆம் வகை. தோல் கிழிந்த கடியும், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ எச்சில் படுவதும் 3-ஆம் வகை. திடகாத்திரமான ஆளுக்கு 2-ஆம் வகை என்றால் 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தடுப்பூசி போட்டுக்கொண்டால் போதும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு 2-ஆம் வகைக்கும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி) சேர்த்துப் போட வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். கீமோவில் இருக்கும் உடம்பு, தடுப்பூசிக்குப் போதிய எதிர்ப்பொருளை உண்டாக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதே காரணம். குட்டிக்கோ 3 மாதம் ஆன பிறகுதான் ஏஆர்வி என்ற வெறிநோய்த் தடுப்பூசி. தெருவிலிருந்து தூக்கி வந்த 2 மாதக் குட்டியை அதற்கு முன் எது கடித்தது என்று யாருக்குத் தெரியும்? இப்படி ஒன்று நாள் பூராவும் 2-ஆம் வகைக் கவ்வல் கவ்விக்கொண்டு காலைச் சுற்றினால், ஒவ்வொரு கீறலுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போவதா வேண்டாமா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும்.

அடுத்தது கழிப்பு. 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோக வேண்டும். ஆனால் ஊசிகள் முடியக் குட்டிக்கு 16 வார வயதாகிவிடும். அதற்குள் தெருவில் இறக்கினால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் பயம். ஆகவே எல்லாம் ஹாலில்தான், ராத்திரியும் பகலும். குட்டிகளின் மலத்தில் கேம்பைலோபாக்டர், ஜியார்டியா போன்ற வயிற்றுக் கிருமிகள், உருண்டைப் புழு எல்லாம் பெரிய நாய்களைவிட அதிகம் காணப்படும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் 6 மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வது இதனால்தான்.

வீட்டில் இரண்டு பேர் முழுநேரமும் சும்மா இருந்தால்கூட கீமோ முடியும்வரை குட்டி வேண்டாம் என்பேன். இந்தப் பட்டியலில் நான் தயங்காமல் அடிக்கும் ஒரே பெயர் இதுதான்.

பெரிய நாய்: காப்பகத்திலிருந்தா, வளர்ப்பு வீட்டிலிருந்தா?

இரண்டு வயதுக்கு மேற்பட்ட நாட்டு நாய். ஊசியெல்லாம் போட்டு, கருத்தடை முடிந்து, வீட்டுக்குள் கழிக்காத பழக்கம் வந்தது. என் தேர்வு இதுதான், எங்கள் வீட்டுக்கு வந்ததும் இப்படி ஒன்றுதான். ஆனால் இதிலும் இரண்டு வழி உண்டு, இரண்டும் ஒன்றில்லை.

சென்னையில் தத்து என்றதும் நினைவுக்கு வருவது 1959-இல் தொடங்கிய கிண்டி ப்ளூ கிராஸும், அடையாறு பக்கம் பெசன்ட் நினைவு விலங்கு மருத்துவமனையும். இந்த மாதிரி இடங்களில் நாய்கள் ஏராளம், தேவையும் அங்கேதான் அதிகம். ஆனால் பல நாய்கள் சேர்ந்து வாழும் இடத்தில் உண்ணி, இருமல், தோல் நோய், வயிற்றுப்போக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது தவிர்க்க முடியாதது. யார் எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் இது நடக்கும். அதோடு, அடைப்புக்குள் சாதுவாக இருக்கும் நாய் ஒரு ஃபிளாட்டுக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று அங்கே இருப்பவர்களாலும் அடித்துச் சொல்ல முடியாது.

வளர்ப்பு வீடு என்பது, தத்துக் கிடைக்கும்வரை ஒருவர் தன் வீட்டிலேயே நாயை வைத்துப் பார்த்துக்கொள்வது. சென்னையில் கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து ரிடையரான டீச்சர்வரை இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் சுண்டல் திருவான்மியூரில் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாள். பெயரும் அவர்கள் வைத்ததே. அவளைப் பார்த்துக்கொண்ட பெண் என்னிடம் சொன்னது: "அங்கிள், சாப்பிடும்போது தட்டுல கை வெச்சாகூட உறும மாட்டா. ஆனா தூங்கும்போது மட்டும் தொட்டு எழுப்பாதீங்க, பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. திடுக்கிட்டுப் பல்லைக் காட்டுவா." எந்தச் சான்றிதழிலும் இந்த வரி இருக்காது. கையெல்லாம் ஊசித் தழும்பும் பிளேட்லெட் குறைவுமாக இருக்கும் ஒருவர் வீட்டில் தெரிந்திருக்க வேண்டிய வரி.

வளர்ப்பு வீட்டில் இன்னொரு வசதி, நாயை உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரம் அங்கேயே இருக்கட்டும், அதற்குள் வேலையை முடித்துவிடலாம். மலப் பரிசோதனை, பூச்சி மருந்து, உண்ணி மருந்து, தோலில் சொறி, படர்தாமரை இருக்கிறதா என்று பார்ப்பது, உண்ணியால் வரும் டிக் ஃபீவருக்கு ரத்தப் பரிசோதனை, ஏஆர்வி, லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக் காய்ச்சலுக்கான மருந்தும் சேர்ந்த கூட்டு ஊசி. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எல்லாம் பார்த்துவிடலாம், பொறுமை மட்டும் வேண்டும். ஒன்றே ஒன்றில் கவனம். கென்னல் காஃப் இருமலுக்கு மூக்கில் விடும் மருந்தில் உயிருள்ள பாக்டீரியா இருக்கும். வீட்டில் கீமோ ஆள் இருக்கிறார் என்று கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் அதற்கேற்ப முடிவெடுப்பார்.

நாயைப் பார்க்க நோயாளி நேரில் போக வேண்டாம். நான்தான் போனேன், அவள் வீடியோ காலில் பார்த்தாள். முதல் காலில் சுண்டல் கேமராவை நக்கிவிட்டு வாலைக் காட்டிக்கொண்டு போய்விட்டாள். "திமிரு பாருங்க, இதையே கூட்டிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

கேட்டுக்குக் கீழே இருக்கும் நாய்

நம் ஊரில் அடிக்கடி வரும் ஆசை இது. பல வருடமாக சோறு வைத்த தெரு நாய். நம்மைத் தெரியும், நம் ஸ்கூட்டர் சத்தம் தெரியும், ஏன் மேலே கூட்டி வரக்கூடாது? சாதகம் என்னவென்றால் குணம் ஏற்கெனவே தெரிந்தது, கழிப்பதற்கு வெளியே போகும் பழக்கமும் இருக்கிறது. காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆனது என்று அர்த்தம். 1996-இல் மாநகராட்சி நாய்களைக் கொல்வதை விட்டுக் கருத்தடைத் திட்டத்துக்கு மாறியதன் அடையாளம் அந்த வெட்டு. கருத்தடையின்போது வெறிநோய் ஊசியும் போட்டிருப்பார்கள். ஆனால் அது அன்று போட்டது. அதற்கப்புறம் வருடா வருடம் போட்டார்களா என்பதைக் காது சொல்லாது.

பாதகம் நாயின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். தெருவையே வீடாகக் கொண்ட நாய்க்கு மூன்றாவது மாடி ஃபிளாட் ஜெயில்தான். முதல் சில வாரம் கதவைச் சுரண்டும், ஊளையிடும், கீழே தன் கூட்டாளிகள் குரைத்தால் இதுவும் குரைக்கும். தூங்க முடியாமல் கிடக்கும் ஆள் இருக்கும் வீட்டில் அந்தச் சில வாரம் சின்ன விஷயம் இல்லை. வெளியே போய்வரும் வழக்கத்தை விடாது என்பதால் சாக்கடை, எலி, உண்ணி எல்லாம் கூடவே வீட்டுக்குள் வரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து லெப்டோஸ்பைரோசிஸ் பரவும் நாட்களில், இது கூடுதல் கவலை.

இதற்கு நடுவில் ஒரு வழி உண்டு, அதிகம் பேர் யோசிப்பதில்லை. நாய் கீழேயே இருக்கட்டும். வருட ஊசியையும் உண்ணி மருந்தையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், சோற்றை வேறொருவர் வைக்கட்டும். நோயாளி மாடியிலிருந்து கூப்பிட்டுப் பேசட்டும். தெரு நாய்களுக்கு உணவு வைக்க இடம் ஒதுக்குவது பற்றி 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளே பேசுகின்றன. தனியாக வாழும் நோயாளிக்கு, கீமோ முடியும்வரை, இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

கைவிடப்பட்ட ஜாதி நாய்கள் பற்றி ஒரு வார்த்தை. லாப்ரடாரையும் ஷிட்ஸுவையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அலுத்ததும் தெருவில் விடுகிறவர்களால் இவை தத்துக்கு நிறையவே கிடைக்கின்றன. பாவம்தான். ஆனால் 30 கிலோ லாப்ரடார் இழுத்தால் முழு பலம் உள்ள ஆளே தடுமாறுவார். முடி அடர்ந்த சின்ன இனங்களுக்குச் சென்னைப் புழுக்கத்தில் தோல் வியாதி ஓயாது. இரண்டையும் கீமோவுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காத்திருப்பது

இதை ஒரு தோல்வி மாதிரி சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. சிலருக்கு இதுதான் சரியான விடை. ரத்தப் புற்றுநோய்க்கு ஆரம்பக்கட்டத் தீவிர கீமோவில் இருப்பவர்கள், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகிறவர்கள் புதிதாக எந்தப் பிராணியையும் வீட்டுக்குக் கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கவுன்ட் இறங்கினால் வாரக் கணக்கில் ஏறாத சிகிச்சைகள் அவை. துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கும் இதே பதில்தான்.

காத்திருப்பது என்று முடிவெடுத்தால் எதுவரை என்பதையும் ஊர் நாட்காட்டியைப் பார்த்து முடிவெடுங்கள். சிகிச்சை புரட்டாசியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே நாய் கொண்டுவந்தால் முன்னால் தீபாவளி. வந்து சில வாரமே ஆன நாய் வெடிச்சத்தத்தில் கதவு திறந்ததும் ஓடினால், அதற்குத் திரும்பி வர வழி தெரியாது. அதோடு மழை, வெள்ளம். போகிப் புகையும் அடங்கிய பிறகு தை மாதத்தில் கூட்டி வந்தால் வெயில் ஏறுமுன் அதற்குத் தெரு பழகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் கொண்டுவருவதும் எனக்கு உவப்பில்லை. விடிகாலையும் இரவும் தவிர தார் ரோட்டில் பாதம் வைக்க முடியாது.

நாய் வந்த பிறகு நோய் தெரிந்தால்?

இது வேறு கணக்கு. தத்தெடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, பயாப்சி முடிவு வந்துவிட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமா, காசு வாங்கிக்கொண்டு நாயைப் பார்த்துக்கொள்ளும் போர்டிங்கில் விடலாமா, வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?

திருப்பிக் கொடு என்பதுதான் உறவினர்கள் சொல்லும் முதல் யோசனை. மருத்துவர்கள் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை, சில கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டு நாயை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். போர்டிங் கேட்பதற்கு நல்ல யோசனை மாதிரி இருக்கும். ஆனால் புதுவீட்டில் காலூன்றப் பார்க்கும் நாய்க்கு அது இரண்டாவது கைவிடல். புது நாய் சேரும் வேகத்துக்கு மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று நாய்க்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். பயம் அடங்க மூன்று நாள், வழக்கம் புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று நம்ப மூன்று மாதம். ஒவ்வொரு சைக்கிளுக்கும் போர்டிங்கில் விட்டால் அந்தக் கணக்கு திரும்பத் திரும்ப முதல் நாளிலிருந்து ஓடும். வரும்போது இருமலும் உண்ணியும் இலவசம்.

இதைவிட இரண்டு வீட்டு ஏற்பாடு மேல். என் தங்கை வீடு ஆதம்பாக்கம், எங்களுக்கு நங்கநல்லூர். "அண்ணி, ரெண்டாவது வாரம் அவ என் வீட்டுப் பொண்ணு, அதுல நீங்க தலையிடக் கூடாது" என்று தங்கை முதல் நாளே சொல்லிவிட்டாள். வந்த முதல் வாரத்திலிருந்தே இரண்டு வீட்டையும் காட்டினோம். அதே பாய், அதே கிண்ணம், அதே சாப்பாட்டு நேரம். சுண்டலுக்கு இரண்டும் தன் வீடுதான். ஆதம்பாக்கத்தில் சோபா அனுமதி உண்டு, எங்கள் வீட்டில் இல்லை என்பதைக்கூடப் பிரித்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். இந்த மாதிரி ஆள் பக்கத்தில் இல்லாதவர்கள், இரண்டாவது வாரத்தில் நாயை வீட்டிலேயே வைத்து, வேலையை மட்டும் இன்னொருவர் கைக்கு முழுசாக மாற்றலாம். அதற்குப் பிள்ளைகள் கொடுக்கும் வாக்குறுதியை நம்ப வேண்டாம். எங்கள் பையன் செமஸ்டர் வந்ததும் காணாமல் போனான்.

எப்போது கூட்டி வருவது?

மூன்று வாரச் சைக்கிள் என்றால் மூன்றாவது வாரத்தின் தொடக்கம். கவுன்ட் ஏறியிருக்கும், நோயாளிக்கும் உட்கார்ந்து பழகத் தெம்பிருக்கும். முதல் சில நாள் பயத்தில் இருக்கும் நாய்தான் கடிக்க வாய்ப்பு அதிகம். அந்த நாட்கள் கவுன்ட் பள்ளத்தில் விழாமல் பார்த்துக்கொள்வதே இதன் சூட்சுமம். வாராவாரம் பேக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவர்களுக்கு இப்படித் தனியாக ஒரு நல்ல வாரம் கிடைக்காது. அவர்கள் சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையைப் பார்த்து, மருத்துவரைக் கேட்டுத்தான் நாள் குறிக்க வேண்டும்.

கீமோ தொடங்கும் முன்பே கூட்டி வந்துவிடலாமே என்றால், முடிந்தால் அதுவே உத்தமம். ஆனால் அறுவை சிகிச்சை, ஸ்கேன், மருந்து ஏற்றத் தோலுக்கடியில் போர்ட் வைப்பது என்று அந்த வாரங்கள் எப்படி ஓடும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

வீட்டுக்குள்

பாத்ரூமில் ஆரம்பிக்கிறேன், யாரும் யோசிக்காத இடம். மருந்து ஏற்றிய பிறகு சுமார் 48 மணி நேரம், சில மருந்துகளுக்கு 72 மணி நேரம்கூட, அது சிறுநீரிலும் வாந்தியிலும் மலத்திலும் வெளியேறிக்கொண்டிருக்கும். நம் வீடுகளில் பாத்ரூம் பக்கெட்டில் தண்ணீர் நிரம்பியே இருக்கும், நாய்க்கு அதுதான் பிடித்த தண்ணீர். அந்த நாட்களில் பாத்ரூம் கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும், டாய்லெட் மூடி போட்டு இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டும். வாந்தி எடுக்கக் கட்டிலுக்குக் கீழே வைக்கும் பேசினுக்கு மூடி வேண்டும். வாந்தியை நக்க நாய் ஒரு நொடி தாமதிக்காது. நோயிலிருந்து மனிதரைக் காப்பது பற்றியே பேசுகிறோம், இதில் காக்கப்பட வேண்டியது நாய்.

மாத்திரை அதைவிட ஆபத்து. வீட்டில் சாப்பிடும் கீமோ மாத்திரையான கேப்சிடாபின் உடம்புக்குள் போய் 5-எஃப்யூ என்ற கீமோ மருந்தாக மாறுகிறது. 5-எஃப்யூ நாயின் குடலையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கி உயிரையே பறிக்கும். தலையணைப் பக்கத்தில் மாத்திரை அட்டை வைக்கும் பழக்கத்தை நாய் வருமுன் விட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாம் பீரோவுக்குள் போனது.

படுக்கை. கட்டிலில் சேர்த்துக்கொள்வதா, அறைக்குள் கீழே பாயிலா, ஹாலிலா? கட்டில் வேண்டாம். போர்ட்டுக்கு மேல் கால் வைத்து ஏறும், கையில் தொங்கும் பிக் லைன் என்ற மருந்துக் குழாயை விளையாட்டுச் சாமானாக நினைக்கும். அறைக்கும் ஹாலுக்கும் இடையில் நான் ஹால் பக்கம். என் மனைவி எதிர்க்கட்சி. டெக்ஸாமெத்தசோன் கொடுத்த ராத்திரிகளில் அவளுக்குத் தூக்கம் வராது, ஹாலில் வந்து டிவியைச் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டு உட்காருவாள். சுண்டல் பாயை விட்டு எழுந்து போய் அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். நான் பாதித் தூக்கத்தில் எட்டிப் பார்த்தால், "நீங்க போய்ப் படுங்க, எனக்குத்தான் துணைக்கு ஆள் இருக்கே" என்பாள். ஹால் என்றே வைத்துக்கொண்டோம். அவள்தான் ஹாலுக்கு வருகிறாளே.

முகத்தையும் கையையும் நக்கவிடக் கூடாது, வாயில் புண் இருக்கும் நாட்களில் அறவே கூடாது. நாய் எச்சிலில் சாதாரணமாகவே வாழும் கேப்னோசைட்டோஃபேகா என்ற பாக்டீரியா, எதிர்ப்புச் சக்தி இல்லாதவருக்கு ரத்தம் வரை போய் விபரீதமாகும். பாத நக்கலுக்குச் சாக்ஸ் போட்டுத் தீர்வு கண்டோம். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும் மருந்து எடுப்பவர்களுக்குச் சாக்ஸ் எப்படியும் நல்லது, கீறல் பட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டில் வீட்டுச் சமையலா, கடையில் வாங்கும் உலர் தீனியா என்று இரண்டு கட்சி உண்டு. நான் சாதாரண நாட்களில் கோழியும் சோறும் கட்சி. ஆனால் கீமோ வாரத்தில் கோழி வேகும் வாசம் குக்கரிலிருந்து கிளம்பினாலே என் மனைவிக்குக் குமட்டும். அந்த வாரம் உலர் தீனி, அதுவும் மூடி இறுக்கமான டப்பாவில். பச்சை மாமிசம் மட்டும் எந்த வாரமும் கிடையாது. சால்மோனெல்லா நாயின் வாய் வழியாகவும் மலம் வழியாகவும் வீடெங்கும் பரவும்.

பெல்ட்டை யார் பிடிப்பது என்பதில் விவாதமே வேண்டாம், நோயாளி பிடிக்கக் கூடாது. அக்குளில் நிணநீர்க் கணு எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கும் அபாயம் உண்டு. திடீர் இழுப்பும் கீறலும் அந்தக் கைக்கு ஆகாது. கூட நடந்து வரட்டும், பெல்ட் இன்னொருவர் கையில். காசு கொடுத்து வாக்கிங்குக்கு ஆள் வைத்தால், நான்கைந்து நாயைச் சேர்த்து ஓட்டிப் போகிறவராக இல்லாமல் உங்கள் நாயை மட்டும் கூட்டிப் போகிறவராகப் பாருங்கள். திரும்பி வந்ததும் பாதம் கழுவித் துடைப்பது அவர் வேலை.

ஃபிளாட் சங்கம் தனிக் கதை. செல்ல நாய் வளர்க்கச் சங்கம் தடை போட முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என்று 2015-இல் இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. அதை நீட்டிச் சண்டை போட கீமோ நடக்கும் வீட்டில் யாருக்குத் தெம்பு இருக்கிறது? செயலாளரை முன்பே பார்த்து, மாநகராட்சி உரிமம், நாயின் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் அடையாளம், ஊசிச் சான்று மூன்றையும் காட்டிவிட்டால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். உரிமத்துக்கு ஏஆர்வி சான்று இல்லாமல் ஆகாது என்பதால் ஊசியை முதலில் முடியுங்கள்.

காய்ச்சல் வந்து அவசரப் பிரிவுக்கு ஓடினால், வீட்டில் நாய் இருக்கிறது, கடி அல்லது கீறல் பட்டதா இல்லையா, நாய்க்கு வயிற்றுப்போக்கு இருந்ததா என்பதையும் பணியில் இருக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

கடைசியாகத் தத்துப் படிவம். சிகிச்சை நினைத்தபடி போகாவிட்டால், மருந்து மாறினால், ஆள் மாதக் கணக்கில் படுத்துவிட்டால் நாய் யாரிடம் போகும் என்பதைக் கேட்கத் தயங்காத வளர்ப்பு வீட்டையே நான் நம்புவேன். அந்தப் பெண் கேட்டாள், தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். என் மனைவி போனிலேயே பதில் சொன்னாள். படிவத்தில் உரிமையாளர் என்று அவள் பெயர், மாற்று உரிமையாளர் என்று என் தங்கை பெயர், ஆதம்பாக்கம் முகவரி. தங்கையிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் எழுதினோம். மைக்ரோசிப் பதிவிலும் இரண்டு பேருடைய போன் நம்பரும் இருக்கின்றன.